முடிவை முதலில் சொல்லும் துரைராசா

துரைராசா மாஸ்டர் எந்தக் கதையைப் பாடமாக எடுத்தாலும் முதல் நாளே முடிவைச் சொல்லிவிடுவார். யார் சாவார், யார் பிழைப்பார், யார் யாரைக் கட்டுவார் என்று கொட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறப்பார். பிள்ளைகள் முனகுவார்கள். இலங்கை மலையகத்து வட்டகொடைக் கடைவீதிக்குப் பின்னாலிருந்த பாடசாலையில் ஆண்டாண்டாக இதுதான் வழக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவர் அப்படி இருக்கவில்லை. முடிவைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்.

அந்த வருடம் எடுத்த நாவலில் மூன்று கதைகள் பின்னிக் கிடந்தன. ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கும் ஒரு முதலாளி. அவர் வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண். அந்த ஊர் ஆட்களைத் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலைக்குக் கூட்டிவந்த ஒரு கங்காணி. சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பினார்கள். அதனால் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சைப் பார்த்து, வாங்குக்கு ஒரு கதையாகப் பிரித்தார். முன்வாங்குக் கடைக்காரர் பிள்ளைகளுக்கு முதலாளி, நடுவாங்குக்கு வேலைக்காரப் பெண், தோட்டத்திலிருந்து வந்த பின்வாங்குப் பிள்ளைகளுக்குக் கங்காணி. ஒரு வாங்குக்குச் சொல்லும்போது மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை மூண்டையும் ஒண்டாச் சேர்ப்பம்."

வீட்டில் சொல்லக் கூடாதென்று அவர் சொல்லவில்லை.

பின்வாங்கின் கதை ஓரிடத்தில் நின்றிருந்தது. ஒரு தொழிலாளியின் தாய் ஊரில் இறந்துபோனதாகச் சேதி வருகிறது; கங்காணி அதை அவனுக்குச் சொல்லாமல் மறைக்கிறான். பின்வாங்கு அழகம்மா இதைத் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் சொன்னாள். அரைகுறையாகக் கேட்டவர்கள் கதை என்பதை விட்டுவிட்டுச் சேதியை மட்டும் எடுத்துப் போனார்கள். இந்தியாவில் விட்டுவந்த ஊர்ச் செய்தி அங்கே கங்காணியின் வாய்வழியாகத்தான் வரும். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டிலேயே, ஊரில் அக்காவை விட்டுவந்த மீனம்மா என்ற கிழவி, பெரிய கங்காணி தங்கவேலுவை மறித்துக் கேட்டாள்: "எங்கக்கா செத்ததையும் மறைச்சுட்டீங்களா?"

புதன்கிழமை கோட்டும் தலைப்பாகையுமாகத் தங்கவேலு வகுப்பு வாசலில் வந்து நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாத்தியாரய்யா, ஒரே கேள்வி. ஒங்க கதைல வர்ற கங்காணி நல்லவனா, கெட்டவனா?"

முன்வாங்கிலிருந்து சண்முகராஜா சொன்னான்: "எங்க மொதலாளியக் கேளுங்க கங்காணி, அவருக்குத்தான் தெரியும்."

முன்வாங்கு முழுக்கச் சிரித்தது. தங்கவேலுவின் முகம் கறுத்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார்.

உண்மையில் பையன் பதிலைத்தான் சொல்லியிருந்தான். அந்தச் சாவுச் சேதியே பொய். தொழிலாளியை ஊருக்கு வரவழைத்து நிலத்தை எழுதி வாங்க முதலாளி கட்டிவிட்டது. அது தெரிந்துதான் கங்காணி மறைத்தான். துரைராசா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மூன்று வாங்குகளும் அவர் வாயையே பார்த்தன. இத்தனை நாள் காத்த முடிச்சு. தன் வகுப்பில் இன்னொருவர் வந்து அதை அவிழ்க்கச் சொல்வதும் பிடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்கோ. எல்லாம் விளங்கும்."

"அதுவரைக்கும் நான் கள்ளனா இருக்கணுமா?"

தங்கவேலு பின்வாங்குப் பிள்ளைகளைப் பார்த்து, வெளியே வரச் சொல்லித் தலையசைத்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். அழகம்மா மட்டும் மேசையருகே தயங்கி நின்றாள்.

"அந்த ஆத்தா நெசமாவே செத்துட்டாங்களா சார்?"

"வெள்ளிக்கிழமை சொல்லுறன். போ பிள்ளை."

அவள் போனாள். அந்தப் பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. மழையில் ஓடிப்போய்ச் சந்தியில் தங்கவேலுவைப் பிடித்து, மூச்சிரைக்க முழுக் கதையையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல கதைதான். புள்ளைங்க முன்னுக்குச் சொல்லியிருக்கணும். இப்ப லயத்துல போய் நானே சொன்னா, வாத்தியார மெரட்டிச் சொல்ல வச்சேன்னுல்ல பேசுவாங்க."

வெள்ளிக்கிழமை பின்வாங்கு காலியாக இருந்தது. மற்ற இரண்டு வாங்குகளுக்கும் கதையைச் சேர்த்துச் சொன்னார். அவர்கள் கைதட்டியது அவருக்கு எரிச்சலாக இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவில்லாமல் வெளியாள் லயத்துக்குப் போக முடியாது. கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அழகம்மா படிப்பை விட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள் என்றும், குடும்பம் பூண்டுலோயாப் பக்கம் போய்விட்டது என்றும் கேள்விப்பட்டார்.

அந்தத் தாய் உயிரோடுதான் இருந்தாள். அதை அழகம்மாவுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை.