எதிர்வீட்டுக்காரியின் பார்வை

செங்கோட்டையன் முப்பது வருடம் வடக்கே ரிக் வண்டி ஓட்டி ஆழ்துளைக் கிணறு போட்டவர். டீசல் திருடு போகாமலிருக்க, பேரல் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிப் பழகியவர். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்ததும், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தொல்லை பொறுக்காமல், சேந்தமங்கலத்தை விட்டுப் பள்ளிபாளையத்தில் ஒரு சந்தில் தனியாகக் குடியேறினார்.

மூன்றாம் மாதம்தான் அதைக் கவனித்தார். எதிர்வீட்டு ஆராயி தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போகுமுன் தினமும் இவர் வாசலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனாள். பால்காரரிடம் இவரைப் பற்றி என்னவோ கேட்டாள். பிரஷர் பார்க்க வீடுவீடாக வரும் நர்ஸிடமும் இவர் வீட்டைக் காட்டிப் பேசினாள்.

ஆள் தனி என்று யாருக்கோ தகவல் போகிறது. செங்கோட்டையன் இரண்டாவது பூட்டு வாங்கினார். ஜன்னலைச் சாத்தினார். கடைக்குப் போவது குறைந்தது, ஒருவேளைச் சோறுதான். தூக்கம் போயிற்று. பிரஷர் நூற்றெண்பதைத் தொட்டது.

“மாத்திரை சரியாத்தானுங்களே போடறீங்க? யார்கூடவாவது பேசுவீங்களா?” என்றாள் நர்ஸ், நோட்டில் குறித்துக்கொண்டே.

“அதெல்லாம் எதுக்கு நோட்டுல எழுதற?” என்று கதவைச் சாத்திவிட்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, ஒருநாள் பால் பாக்கெட்டை வாசலிலேயே விட்டுவிட்டு, ஆள் இல்லாததுபோல் ஜன்னல் இடுக்கில் நின்றார். ஆராயி வந்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள். ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தறிப்பட்டறை ஆட்கள் இருவரோடு திரும்பினாள். ஒருவன் கையில் கடப்பாரை.

ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். “என்ற ஊட்டை உடைக்க ஆளுகளக் கூட்டியாந்தயா?”

ஆராயி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “உசுரோட இருக்கீங்களாண்ணா…” மூச்சு வாங்கியது. “உங்களுக்கு முந்தி இங்க இருந்தவரு உழுந்து மூணு நாளாக் கெடந்தாருங்க. எதுத்தாப்புல இருந்துட்டு எனக்குத் தெரியலீங்க. நாத்தம் வந்துதான் கதவை ஒடச்சோம்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் விசாரித்தார். உண்மைதான். அப்புறமும் ஒரு வாரம் சந்தேகம் விடவில்லை. பிறகு ஜன்னலைத் திறந்தார். பட்டறையில் பதினொரு மணி டீக்கு ஆராயி கூப்பிட்டாள் என்று போனார். முதல் நாள் டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். மறுநாளும் போனார். தறிச்சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியதில் தொண்டை கட்டியது. மனைவி போன பின் முதல்முறையாக விடியும்வரை தூங்கினார்.

மாசியில் விஷக்காய்ச்சல் கண்டபோது, ஆராயிதான் ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

“கூட யாரு?” என்றார்கள்.

செங்கோட்டையன் ஆராயியைக் காட்டினார். “தங்கச்சி,” என்றார்.

ஊசி போட வந்தவரிடம் மட்டும் மருந்துப் புட்டியை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.