திரைக்குப் பின்னால் அளந்தவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. குற்றாலத்தில், 1958 ஜூலை 16, புதன்கிழமை. ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில்.

குழல்வாய்மொழி தென்காசிக்காரி. இருபத்திரண்டு வயது, இண்டர்மீடியட் படிப்பு. வடக்கே ஒரு வானாய்வுக்கூடம் அப்போது நட்சத்திர அட்டவணை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று இம்மி பிசகாமல் சொல்ல வேண்டிய அட்டவணை. வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளை அளந்துதான் அதைத் தயாரிக்க முடியும். அந்த வேலைக்காகக் குற்றாலத்துப் பழைய பங்களா ஒன்றை நெடுநாளாகவே வாடகைக்கு வைத்திருந்தார்கள்.

அங்கே இரண்டே பேர். வல்லிநாயகம் உள்ளறையில், கறுப்புத் திரைக்குப் பின்னால், தட்டுக்கு அடியில் விளக்கைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முதலில் வரிசை எண்ணையும் பிறகு அளவுகளையும் சத்தமாகச் சொல்வார். குழல்வாய்மொழி வெளியே மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள்.

அன்று விடாத சாரல். மதியம் இரண்டு பத்துக்கு அவள் வந்தபோது கதவு திறந்திருந்தது. திரைக்கு அடியில் விளக்கு வெளிச்சம். சீக்கிரமே வந்துவிட்டார் போல என்று நினைத்து உட்கார்ந்தாள்.

பேனாவைத் திறந்ததுமே குரல் வந்தது.

"ஒண்ணு... நாப்பத்தொண்ணு, மூணு, ஆறு."

குரல் கம்மியிருந்தது. சாரலில் நனைந்து சளி பிடித்திருக்கும். எழுதினாள்.

வழக்கமாக வல்லிநாயகம் பத்து எண்ணுக்கு ஒரு தடவை "அழி, அழி" என்பார். அன்று ஒன்றுகூட அழிக்கவில்லை. இருமல் இல்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. மைக்ராஸ்கோப்பின் திருகு சுற்றும் சத்தம் மட்டும். கிர்ர்... கிர்ர்...

மூன்று இருபதுக்குக் கேட்டாள்.

"அண்ணாச்சி, காப்பி வாங்கியாரட்டா?"

சத்தம் நின்றது.

பிறகு மறுபடியும் கிர்ர்...

"முப்பத்திரெண்டு... பதினெட்டு, ஏழு, நாலு."

அவள் அதையும் எழுதினாள்.

நான்கு இருபது. ஐம்பத்தெட்டாவது நட்சத்திரம். அதோடு குரல் நின்றது.

வாசல் கேட் திறந்தது. தொப்பலாக நனைந்து வந்து நின்றார் வல்லிநாயகம்.

"பஸ்ஸு பாவூர்சத்திரத்துலயே படுத்துட்டும்மா. ஒத்தையிலயா இருக்க?"

அவள் திரையைக் காட்டினாள்.

அவர் விலக்கினார்.

யாருமில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில், மூச்சுப் பட்டாற்போல ஆவி... அவர்கள் பார்க்கப் பார்க்க அது மெல்ல மறைந்தது.

தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தார் வல்லிநாயகம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"அளந்தது நான்னு கையெழுத்துப் போட்டுருதேன். வெளிய மூச்சு விட்டுராத."

"அது பொய்யில்லியா, அண்ணாச்சி?"

"நெசத்தைச் சொன்னா யாரு நம்புதா?"

தாளும் தட்டும் தலைமை அலுவலகத்துக்குப் போயின. நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது.

தட்டை அளப்பவர் யாராக இருந்தாலும் அவர் கண் எப்போதும் ஒரு பக்கமாக மயிரிழை தள்ளித்தான் பார்க்கும். ஆளுக்கு ஆள் அந்தப் பிழை மாறும். ஒருவருடையது இன்னொருவருக்கு வராது. அந்த ஐம்பத்தெட்டு அளவுகளிலும் இருந்தது வல்லிநாயகத்தின் பிழை அல்ல. முன்பு அதே பங்களாவில் வேலை பார்த்த கடையம் காந்திமதிநாதனுடையது. அவருடைய பழைய தாளைப் பார்த்துக் காப்பியடித்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

வல்லிநாயகம் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழல்வாய்மொழி நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள். அதற்குப் பதிலே வரவில்லை. கடையத்துக்குப் போய் விசாரித்தாள். காந்திமதிநாதன் இறந்தது 1949 ஐப்பசியில்.

திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினாள். அன்று அளந்த தட்டில் வானத்தைப் படம்பிடித்த தேதி அதில் இருந்தது.

1957 ஜனவரி 9.