நான்கு விரற்கடை கீழே

ஏற்காட்டில் எனக்கு இரும்புக் கடை. கடையின் ஓரத்திலேயே என் மனைவியின் தையல் மிஷின். வெள்ளிக்கிழமை தொழுகையும் சாப்பாடும் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் தலைச்சோலைக்குப் போவோம். அங்கே எங்கள் நண்பர் ஒருவருக்குக் காப்பித் தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஆள் உயர மண்மேடு. அதில் அட்டையைக் குத்தி வைத்து ஏர் ரைபிளால் சுடுவோம். பறவையையோ குரங்கையோ சுட்டதில்லை. அட்டை மட்டும்தான்.

வெள்ளெழுத்து வந்ததும் துப்பாக்கி முனையின் குறிமுள் எனக்குப் புகை மாதிரி தெரிய ஆரம்பித்தது. சேலத்துக் கடை ஒன்றில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கி, வாங்கி நானே துப்பாக்கியின் மேல் மாட்டினேன். இரும்புக்காரன் இல்லையா, அதை மாட்டும், தண்டவாளம் போன்ற மேல்பட்டைக்கு எண்ணெய்கூடப் போட்டுத் துடைத்தேன்.

முதல் நாளே குண்டுகள் குறிக்கு நான்கு விரற்கடை கீழே விழுந்தன. குறியை ஏற்றி இறக்கும் ஸ்கோப்பின் மேல் குமிழைத் திருகினேன். கொஞ்சம் ஏறியது. இன்னும் திருகினேன். கடைசியில் குமிழ் முட்டி நின்றது; குண்டு அப்போதும் கீழேதான். போதாததற்கு, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று சிதறவும் தொடங்கியது.

"ஏனுங்க பாய், அட்டைய வேணா கீழ எறக்கி வெச்சுக்கலாமுங்களா?" என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. அங்கிருந்தே சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டு, உதவாத சாமானைத் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஸ்கோப்புல கொறை இருக்காதுங்க. மாட்டுனதப் பாருங்க."

"ஸ்குரூ முடுக்கறத எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி தையல் சாக்கட்டியையும் இரும்பு ஸ்கேலையும் பையில் எடுத்து வந்தாள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் காலுக்குப் பின்னால், பட்டையின் மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டாள்.

"இப்பப் பத்து குண்டு சுடுங்க."

சுட்டேன். கோட்டைக் காணோம். வளையம் பின்னால் நகர்ந்து அதன் மேல் ஏறியிருந்தது.

எங்களுடையது ஸ்பிரிங்கால் இயங்கும் ஏர் ரைபிள்; அது பின்னாலும் உதைக்கும், அடுத்த நொடி முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை உதையில் ஸ்கோப் மெல்ல மெல்லப் பின்வாங்கியிருக்கிறது. நான் போட்ட எண்ணெய் அதற்கு வழுக்குப்பாதை! கழற்றிப் பார்த்தால், வளையத்தின் காலில் ஒரு சின்ன ஆணி. பட்டையில் இருக்கும் குழிக்குள் அதை இறக்கி முடுக்கினால் வளையம் நகராது. அது எதற்கென்றே தெரியாமல் மேலே தூக்கி விட்டிருந்தேன்.

அதோடு விடவில்லை அவள். ஸ்கேலைப் பட்டையின் மேல் படுக்க வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலோரமாகப் பார்த்தாள். "முன்னாடி தலையக் குனிஞ்சிருக்குதுங்க இது" என்றாள். மெய்தான். குழல் நுனிக்குப் போகப் போக ஸ்கேலை விட்டுக் கீழே விலகியது. ஸ்கோப் நேராகப் பார்க்கிறது, குழல் தரையைப் பார்க்கிறது. குமிழ் எவ்வளவு திருகினாலும் எப்படி எட்டும்? கடைசிவரை திருகியதில் ஸ்கோப்புக்கு உள்ளேயும் பிடி தளர்ந்து குறி அலைந்திருக்கிறது.

ஸ்கோப்பின் பின்பக்கத்தை ஒரு மயிரிழை உயர்த்த வேண்டும். அடியில் காகிதம் வைத்தால் நசுங்கிவிடும். நண்பர் வீட்டுக்குள் போய்ப் பழைய எக்ஸ்ரே ஒன்றைக் கொண்டு வந்தார். ஏணியிலிருந்து விழுந்தபோது எடுத்ததாம்.

"எலும்பு இல்லாத ஓரமா வெட்டிக்கங்க. நொம்ப நாளா சும்மாதான் கெடக்குது."

மனைவி கத்தரியால் அதில் மெல்லிய துண்டாக இரண்டு வெட்டிப் பின் வளையத்துக்குள் ஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். பட்டையின் எண்ணெயைத் துடைத்து, ஆணியைக் குழிக்குள் இறக்கி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். அந்த வேலையாவது எனக்கு மிஞ்சியது.

அவளே முதலில் சுட்டாள். நான் துப்பாக்கியை இறுக்கி அணைப்பவன். அவள் அதை உள்ளங்கையில் சும்மா கிடத்தினாள். கேட்டதற்கு, "துணியப் புடிச்சு இழுத்தா தையல் கோணும். அது போக்குல உடணும்" என்றாள். ஐந்து குண்டுகள், ஐந்தையும் ஒரு ஐந்து ரூபாய்க் காசால் மூடிவிடலாம். நண்பர் அட்டையைப் பிடுங்கி வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அவள் சொன்னபடி பிடித்து நானும் சுட்டேன். இரண்டு கோணின, மூன்று நடுவில் விழுந்தன.

வீட்டுக்குக் கிளம்புமுன் சேலத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அட, அதுக்கென்னங்க," என்றார் கடைக்காரர். "இதே கொறையோட ஒருத்தர் இப்ப என் முன்னாடி நிக்கறாருங்க. போனக் கொஞ்சம் அம்மாகிட்டக் குடுக்கறீங்களா?"

கொடுத்தேன். அவள் ஒரு காப்பிச் செடியின் ஓரமாக நின்று, கையை ஆட்டி ஆட்டி, சாக்கட்டிக் கோட்டிலிருந்து ஆரம்பித்தாள். நானும் நண்பரும் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.