சித்தப்பா எரித்த காமன்

எங்கள் சித்தப்பாவுக்கு நுளம்பு என்றால் ஜென்மப் பகை. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுப் பூச்சட்டிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது, எந்தக் கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் வங்கியில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு அத்துப்படி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கைக்காரர் எல்லோரையும் படுக்கையிலிருந்து கிளப்பிச் சிரமதானமாகத் தெருவைத் துப்புரவு செய்விப்பார். சுகாதாரப் பரிசோதகர்கூட இவ்வளவு குனிந்து பார்க்கமாட்டார் என்று அம்மா முணுமுணுப்பார்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். சிறுவயதில் நுளம்பு கடித்து எனக்கு டெங்கு வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கையில் சேலைனோடு கிடந்தேன். அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். கலியாணம் கட்டாத சித்தப்பாதான் அம்மாவோடு மாறி மாறிக் கட்டிலருகே கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டார். வீடு திரும்பும்போது நான் தேறிவிட்டேன். அவர் தேறவில்லை. அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நலன்புரிச் சங்கம் இருந்தது. கொழும்புத் தமிழருக்கு மலையகம் என்றால் இரண்டே விஷயம்தான்: நுவரெலியாவில் விடுமுறை, தேயிலைத் தோட்டங்களில் தொண்டு. நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொண்டு செய்யப் போவோம். அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு சின்னத் தோட்டத்தைத் தெரிவு செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பது, பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்பது, பின்னேரம் விளையாட்டுப் போட்டி என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தார்கள். மைதானத்தைத் துப்புரவாக்கும் பொறுப்பைச் சித்தப்பா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா கண்ணாடிப் பகுதிக்குப் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயது. நான் எதற்கும் பொறுப்பில்லை.

சனிக்கிழமை இரவு ஏறிய வான் விடியும்போது மலைக்குள் நுழைந்திருந்தது. நான் அதுவரை கண்ட பெரிய உயரம் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடிதான். வான் கதவைத் திறந்து இறங்கியதும் முகத்தில் குளிர் அடித்தது. முன்னால் தேயிலை, அதற்குமேல் தேயிலை, அதற்கும் மேலே மேகம், மேகத்துக்கு மேலே மறுபடியும் மலை. மேகத்துக்கு மேலே எதுவும் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். காலிக்குப் போகும் பெருவீதியின் பஸ்ஸும் கடற்கரை ரயிலும் இல்லாத ஒரு விடியலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

தோட்டத்துச் சனம் எங்களை மாலை போட்டு வரவேற்றுப் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் அழைத்துப் போனது. பாதிப்பேர் கண் காட்ட வரிசையில் நின்றார்கள், மீதிப்பேர் எங்களுக்குச் சமைக்கப் போனார்கள். சித்தப்பா சங்கத்துப் பெடியங்கள் சிலரோடு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திடலுக்குப் புறப்பட்டார். நானும் பின்னால் போனேன்.

திடலின் ஒரு மூலையில், ஆமணக்கங் கொப்பும் வேறு ஏதோ பச்சைத் தடிகளும் வைக்கோலால் சுற்றிக் கட்டப்பட்டு, நிலத்தில் நட்டபடி நின்றன. அடியில் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு மண்சட்டி. முதல்நாள் மழையில் அது நிரம்பி வழிந்திருந்தது. இரண்டு மூன்று சிரட்டைகள், அவற்றிலும் தண்ணீர். வாடிப்போன பூக்கள் சேற்றோடு சேறாகக் கிடந்தன.

எங்களுக்குத் தெரிந்த சாமி கருங்கல்லில் இருக்கும், அல்லது ஐம்பொன்னில் இருக்கும். கோபுரத்துக்குக் கீழே, கதவு பூட்டிய இடத்தில், ஐயர் வந்து திறந்தால்தான் தெரியும். வெட்டவெளியில் வைக்கோலும் தடியுமாக ஒரு சாமி நனைந்துகொண்டு நிற்கும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவின் கண்ணில் பட்டது அந்தச் சட்டித் தண்ணீர் மட்டுந்தான்.

“பார், பார்! இதைவிட நுளம்புக்கு வேற என்ன வேணும்?” என்று சட்டியைக் காலால் கவிழ்த்தார். சிரட்டைகளைப் பொறுக்கினார். நட்டிருந்த அந்தக் கம்பத்தை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, வெட்டிய புல்லோடு குவித்தார். ஈரமாக இருந்ததால் மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார். அந்தக் குளிரில் ஒரு நுளம்புகூட உயிரோடு இருக்காது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

புகை எழும்பியபோது, எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டு ஒரு இளம்பெண் திடலுக்கு வந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து எங்களை ஓடியோடிக் கவனித்தவள் அவள்தான். நான் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். கம்பம் நின்ற இடத்தைப் பார்த்தாள். நெருப்பைப் பார்த்தாள். கேத்தலை மெதுவாக நிலத்தில் வைத்தாள். பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள் இருந்த பக்கம் திரும்பித் தன் புருஷனைக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டுச் சமையலில் நின்ற சனமெல்லாம் ஓடிவந்துவிட்டது.

எங்களுக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அது காமன் கம்பம். மாசி மாதத்தில் அமாவாசை கழித்து அதை நட்டுக் காப்புக் கட்டுவார்கள். மன்மதனும் ரதியுமாக வேடம் போடுகிறவர்கள் அன்றிலிருந்து விரதம். பௌர்ணமியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். ரதி அழுது மன்றாடுவாள். மூன்றாம் நாள் மன்மதனுக்கு உயிர் திரும்பும். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த வருடத்து மன்மதன் அந்தப் பெண்ணின் புருஷன்தான், கையில் மஞ்சள் காப்போடு முன்னால் வந்து நின்றவன்.

“கம்பத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேசக்காரனுக்கு ஆகாதுடா” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவள் அவனுடைய மணிக்கட்டைக் காப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கூத்துப் பழக்கும் பெரியவர் நிலத்தில் குந்திவிட்டார். ஒரு இளைஞன், கேட்காமல் கொள்ளாமல் எப்படிக் கை வைத்தீர்கள் என்று சித்தப்பாவை நோக்கிப் பாய்ந்தான். இரண்டுபேர் அவனைப் பிடித்தார்கள்.

சித்தப்பாவை நான் அப்படிக் கண்டதில்லை. முகத்தில் இரத்தம் இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்தல் கையில் நடுங்கியது. “எனக்குத் தெரியாது தங்கச்சி... சத்தியமாய் எனக்குத் தெரியாது. நான் குப்பை எண்டுதான்...” அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவரே திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது. எங்களை அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனின் மணிக்கட்டை விட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எதுக்கு இப்ப ஆளாளுக்குப் பதறுறீங்க? காமன எரிக்கிறது சிவன்தானே? வெளியில இருந்து வந்த ஆள் கையில நெருப்பு விழுந்தா, அவருதான் அந்த வருசத்துச் சிவன். அன்னிக்கே ரதி அழணும். எரிச்சவரு மூணாம் நாள் எழுப்பி விட்டுட்டுத்தான் ஊரத் தாண்டணும். இதுதானே நம்ம வழக்கம்? சொல்லுங்க மாமா.”

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “ஆமா” என்றார் பெரியவர். “அதுதான் வழக்கம். தப்ப எடுத்துட்டு வாங்கடா.”

தப்பு என்றால் அவர்களுடைய பறை. அதைக் கொண்டுவந்து, அணைந்துகொண்டிருந்த அந்தக் குப்பை நெருப்பிலேயே தோல் இறுகக் காய்ச்சினார்கள். ரதி வேடக்காரர் தேயிலை ஆலையில் வேலை செய்யும் மீசை வைத்த ஒரு மனிதர். சேலையும் இல்லை, பொட்டும் இல்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சாம்பலின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு மூச்சு எடுத்தார். வாய் திறந்தபோது அவர் ஆண் இல்லை, மீசை இல்லை, ஆலையில் வேலை செய்கிறவர் இல்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

அந்த அழுகையை இன்றுவரை என்னால் யாருக்கும் சொல்லிக் காட்ட முடியவில்லை. சொற்கள் எனக்குப் பாதிதான் விளங்கின. குரல் தேயிலைக்கு மேலாகப் போய் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வந்த குரலோடு சேர்ந்து பெண்கள் அழுதார்கள். கண்ணாடிக்கு வரிசையில் நின்ற கிழவர்கள், போட்டுப் பார்த்த கண்ணாடியைக் கழற்ற மறந்து வெளியே வந்து நின்றார்கள். கண் பார்க்கும் அட்டையைக் கையில் பிடித்தபடி அம்மாவும் வந்து நின்றார். பகல் வெளிச்சத்தில், மேடை இல்லாமல், பூச்சு இல்லாமல், ஒரு மலையே அழுவதை நான் பார்த்தேன். கோயில் திருவிழாக்களில் எனக்கு வராத பயபக்தி அன்று வந்தது. எங்கள் சங்கத்தின் பெரிய பதாகை பின்னால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வான் சங்கத்தாரோடு கொழும்புக்குத் திரும்பியது. சித்தப்பா தங்கினார். அவரைத் தனியே விட மனம் வராமல் அம்மாவும் நானும் தங்கினோம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் ஏறி நின்று சித்தப்பா மேலாளரிடம் காய்ச்சல் என்று சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னாலும் வங்கியில் நம்பியிருக்கமாட்டார்கள்.

பள்ளிக்கூட அறையில் எங்களைப் படுக்க வைத்தார்கள். அக்காதான் மூன்றுவேளையும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள். “நீங்க சாப்பிட்டாச்சோ அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “பொறவு சாப்பிடுறேன் பாப்பா” என்றாள். அவளுக்குப் பசியில்லை என்று நினைத்து அவளுடைய பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பாவைச் சிவனாக்கினார்கள். உடம்பெல்லாம் திருநீறு பூசி, கட்டில் விரிப்பில் கரியால் கோடு போட்ட புலித்தோலை இடுப்பில் சுற்றி, கழுத்தில் துணிப் பாம்பும் போட்டுவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குக் கண் தெரியாது என்பதால் வெள்ளவத்தைச் சிவன் மூக்குக்கண்ணாடியோடு கைலாயத்திலிருந்து இறங்கினார். நான் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

திடலின் நடுவில் மன்மதன் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தான். தப்பு நின்றது. சித்தப்பா செம்பிலிருந்து தண்ணீரைக் கையில் எடுத்தார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. முழங்காலில் இருந்து, துணிக்கு மேலே தண்ணீரைத் தெளித்து, எங்கள் வீட்டில் என்னை எழுப்பும் அதே குரலில் கேட்டார்:

“எழும்பு ராசா... எழும்பப்பு.”

துணி அசையவில்லை. மலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தின் முன்னால் நின்ற அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு மனித முகம் அவ்வளவு அசையாமல் நிற்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. கூத்தை எவ்வளவு ஆசையோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு துணி அசைந்தது. மன்மதன் எழுந்து உட்கார்ந்தான். தப்பு ஒரேயடியாக வெடித்தது, சனம் கூவியது, சித்தப்பா நிலத்தில் உட்கார்ந்து குழந்தையைப்போல அழுதார். அவள் ஓடிவந்து புருஷனின் முகத்தை இரண்டு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

அதன்பிறகு சித்தப்பா ஒவ்வொரு மாசியிலும் லீவு போட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போகிறார், சிவனாக. இப்போது ஓய்வுபெற்றுவிட்டதால் லீவும் தேவையில்லை. காமனை எரிக்க வெளியூர்க்காரர் வருவது ஆதிகாலத்திலிருந்து வரும் முறை என்று அங்கே இன்றைய பிள்ளைகள் நம்புகிறார்கள்.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சில மாதங்களுக்கு முன்னர், என்னோடு வேலை செய்யும் மலையகத்துத் தோழி ஒருத்தியிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“அப்படி ஒரு வழக்கம் எங்கயும் இல்லையே. எங்க பக்கம் கம்பத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த வருசம் கூத்தே கிடையாது. வேசக்காரரு வீட்டுல அடுப்பெரியாது. அவ்வளவு பயப்படுவாங்க.”

சித்தப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்தத் திடலில் நின்ற ஒவ்வொரு பெரியவருக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் தலைகுனிந்து மலையிறங்கக் கூடாது என்பதற்காக, ஊர் முழுவதும் அந்த வழக்கத்துக்குள் வந்து நின்றிருக்கிறது. நாங்கள் அங்கே தொண்டு செய்யப் போனதாக அதுவரை நான் நினைத்திருந்தேன். நடுங்கிய ஒரு கையைப் பார்த்த அந்த ஒரு நொடியில் ஒருத்தி அந்த வழக்கத்தை உண்டாக்கினாள். துணிக்குள் கிடந்தது அவளுடைய புருஷன். அந்தத் துணி அசையாமல் கிடந்த நேரம் முழுவதும், தான் சொன்ன பொய்யைக் கடவுள் ஏற்றுக்கொள்வாரா என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்று கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.