வெர்னெல் விருந்தாளியான இரவு

டாலிவர் விடுதியில் வெர்னெல் மங்கின் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரித்தாள். ஒன்பது அறை, பதினோரு கட்டில். எந்தக் கட்டிலின் எந்தக் கால் ஆடும், எந்த மெத்தையில் எந்தப் பக்கம் பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். ஆனால் ஒரு ராத்திரிகூட அவள் அங்கே படுத்ததில்லை. வேலைக்காரர்களுக்குப் பின்வாசல், சாயங்காலம் நாலு மணி அடித்தால் வீட்டுக்கு பஸ்.

எழுபத்தொரு வயதில் முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வேலையை விட்ட அன்று விடுதிக்கார அம்மாள் காலீன் ப்ரூவிட் பெக்கான் கொட்டை போட்ட கேக் வெட்டினாள், கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், கையில் ஓர் உறையைக் கொடுத்தாள். ஆறாம் எண் அறையில் ஓர் இரவு, காலைச் சாப்பாட்டோடு. அந்த வீட்டிலேயே பெரிய அறை அதுதான். அமெரிக்காவின் தெற்கே, சவானா ஊரைப் பார்க்க வருகிறவர்கள் ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்துப் பிடிக்கிற அறை. காலீன் மனசாரத்தான் கொடுத்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செய்தி கேட்டதும் அக்கா இர்மா கையிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்டுலயா போய்ப் படுக்கப் போற? நம்ம கறுப்பு சனத்துல அந்தக் கூரைக்குக் கீழ தன் இஷ்டத்துக்கு யாரும் படுத்ததில்லடி."

"அதுக்காகப் போகலக்கா. காலைல அந்த மேசைல உக்காரணும்."

"ஏன், வீட்டுல சோளக்கஞ்சி கெடைக்கலயா உனக்கு?"

"அங்கதான் ஹெட்டி கதைய பேசுவாங்க."

இர்மா பட்டாணிக் கிண்ணத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "பேசுறதுல நீயும் ஒருத்தியா இருந்தவதானே," என்றாள். அக்காவுக்கு வாய் அப்படி. ஆனால் சொன்னதில் பொய் இல்லை. வெர்னெலுக்கு அதுதான் வலித்தது.

கதை இதுதான். ஆறாம் எண் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் தொங்கும். அந்த வீட்டில் ஹெட்டி என்று பதினேழு வயது அடிமைப் பெண் இருந்தாளாம். சமையற்கட்டு வேலை. எஜமானின் வெள்ளிக் கரண்டியைத் திருடி மாட்டிக்கொண்டாளாம். அவமானம் தாங்காமல் பின்படிக்கட்டில் தூக்கு மாட்டிக்கொண்டாளாம். கரண்டியைத் திருப்பி வைக்க இன்றைக்கும் விடியற்காலையில் படியேறி வருகிறாளாம். குதிரைவண்டிக்காரர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி இதைத்தான் சொல்வார்கள். காலையில் விருந்தாளிகள் எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து, ராத்திரி யார் யாருக்கு என்ன கேட்டது என்று மாற்றி மாற்றிச் சொல்வதும் இதைத்தான். காபி ஊற்றுவதும் கதையை ஆரம்பித்து வைப்பதும் காலீன்.

ஹெட்டி வெர்னெலுடைய அம்மாவுக்குக் கொள்ளுப்பாட்டி. அவள் திருடவும் இல்லை, தூக்கில் தொங்கவும் இல்லை என்பது குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். வெர்னெலுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் என்ன செய்தாள்? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு விருந்தாளி, "நீ அவளைப் பார்த்திருக்கியா?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டபோது, "பார்த்ததில்லம்மா, ஆனா ஒருநாள் முதுகுல சில்லுன்னு கை வெச்சா," என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கிளம்பிப் போனபின் தலையணைக்கு அடியில் அஞ்சு டாலர் கிடந்தது. புருஷன் அலோன்சோவுக்கு வேலை போயிருந்த வருஷம் அது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். பிழைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அலோன்சோவுக்கு வேலை கிடைத்த பிறகும் அந்தச் சில்லென்ற கையை அவள் விடவில்லை. வாய்க்குப் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பமே திரண்டு கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகும் நாளில் மட்டும் அவளுக்குத் தவறாமல் தலைவலி வரும்.

செத்தவளைத் திருடியாக்கியது யாரோ ஒருவன். அதற்கு முப்பத்தொரு வருஷம் சாட்சி சொன்னவள் தான்தான் என்று நினைத்தால் வெர்னெலுக்கு ஜெபம் வாயில் வரவில்லை. இப்போது பறிபோக வேலையும் இல்லை. சொன்ன வாயாலேயே, சொன்ன இடத்திலேயே, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைத்தது இந்த ஒரு காலைச் சாப்பாடு.

தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முன்வாசல் படியேறினாள். காலீனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆறாம் எண் அறையில் புதிதாகச் சேர்ந்த வேலைக்காரப் பெண் விரித்திருந்த படுக்கையின் மூலை மடிப்பு தொளதொளவென்று இருந்தது. வெர்னெல் அதை முழுசாகப் பிரித்துத் திரும்ப விரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சுவரில் தாள் தொங்கியது. முப்பத்தொரு வருஷம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் அன்றுதான் எதிரே உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாள். பத்துத் தரமும் வேறு வேறாக வந்தது.

தூக்கம் பிடிக்க நேரமாயிற்று. ஆனாலும் நாலரை ஆவதற்கு முன்பே உடம்பு தானாக எழுந்துகொண்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு பின்படி இறங்கிச் சமையற்கட்டுக்குப் போய்விட்டு வந்தாள். முன்படியில் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மணிக்கு மேசையில் எட்டுப் பேர். இறாலும் சோளக்கஞ்சியும், பன்றித்தொடை, சூடான பிஸ்கட் ரொட்டி. ஓஹையோவிலிருந்து வந்த க்ளைன் அம்மாள் ஏழாம் எண் அறைக்காரி. கரண்டியை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் கேட்டேன். நாலரை மணி, கடிகாரத்தைப் பார்த்தேன். படியில காலடிச் சத்தம், செருப்புச் சத்தம் இல்ல, வெறுங்கால் மாதிரி. மெதுவா ஏதோ பாட்டை முனகிக்கிட்டே போனா. இவரை எழுப்பினேன், இவர் எங்க எழுந்தார்."

"நாலரைதான் அவ நேரம்," என்றாள் காலீன் காபியை ஊற்றிக்கொண்டே. "இருபது வருஷமா விருந்தாளிங்க அதே நேரத்தைத்தான் சொல்றாங்க. நான் எதுக்கு, இதோ வெர்னெலைக் கேளுங்க. ஹெட்டி இவங்க முதுகுலயே கை வெச்சிருக்கா."

எல்லா முகங்களும் திரும்பின. காலீனின் முகத்தில் அத்தனை பிரியம். பழைய பதில் வெர்னெலின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்லிவிட்டால் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அது நான்தாம்மா."

"எது?" என்றாள் க்ளைன் அம்மாள்.

"படியில நடந்தது. நேத்து மட்டும் இல்ல. முப்பத்தொரு வருஷமா நாலரைக்கு வேலைக்கு வந்து அந்தப் படியேறினது நான்தான். நீங்கல்லாம் முழிச்சுக்கக் கூடாதுன்னு செருப்பைக் கழட்டிக் கைல வெச்சுக்குவேன். முனகினது எங்க தேவாலயத்துப் பாட்டு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"முதுகுல யாரும் கை வெக்கல, மிஸ் காலீன். அது நான் சொன்ன பொய். அஞ்சு டாலருக்குச் சொன்னேன். அப்புறம் சும்மாவே சொன்னேன். ஹெட்டி எங்க அம்மாவோட கொள்ளுப்பாட்டி."

காலீன் காபிக் குவளையை வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அவங்க கல்லறைல ஒரு கரண்டி இருக்கு, வெர்னெல். என் மாமனார் கண்ணால பார்த்துட்டு வந்துதான் மாடியில தொங்குற தாளை எழுதினார்."

"இருக்கு. எங்க சனத்துல ஒருத்தர் போயிட்டா, கடைசியா அவங்க கைபட்ட சாமானைக் குழி மேல வெப்போம். கப்பு, தட்டு, மருந்துக் குப்பி. எங்க அம்மா குழி மேல அவங்க மூக்குக் கண்ணாடி இருக்கு. ஹெட்டிக்குக் கஞ்சி ஊட்டின கரண்டி அது. தகரம். பேர் எழுதின பலகைல வருஷம் அழிஞ்சுபோச்சு, கரண்டி மட்டும் நின்னுச்சு. உங்க மாமனார் அதைப் பார்த்தாரு. அது எதுக்குன்னு எங்கள்ல யாரையும் கேக்கல."

க்ளைன் அம்மாளின் கணவர் மட்டும் பிஸ்கட்டைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த வீட்டுல பேயே இல்லையா?" என்றாள் க்ளைன் அம்மாள். குரலில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது.

"இல்லம்மா. வேலைக்காரிதான் இருந்தா."

காலீன் எழுந்து மாடிக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் வெர்னெல் நினைத்தாள். காலீன் சட்டத்தோடு இறங்கி வந்தாள். பின்பக்கத்து ஆணிகளை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி, தாளை உருவி எடுத்து, மறுபுறம் திருப்பி மேசைமேல் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல நீங்க?"

"முதல்ல வேலை போயிடும்னு. அப்புறம் வெக்கமா இருந்துச்சு."

காலீன் தலையசைத்தாள். பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க."

"ஹெட்டி வாரிங். இந்த வீட்டுல அடிமையா இருந்தவங்க. விடுதலைக்கு அப்புறம் நாலு தெரு தள்ளிச் சொந்தமா வீடு கட்டினாங்க. ஆறு பிள்ளைங்க."

"எப்படிச் செத்தாங்கன்னு போடட்டும்?"

"வயசாகி. எண்பத்தொண்ணு. தன் கட்டில்ல, பேத்தி கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தப்போ."

பாதி எழுதியதும் காலீனின் பேனா நின்றது. கெட்டவள் இல்லை அவள். ஒன்பது அறைகளை வைத்துப் பிழைப்பவள். தாளைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இதைப் படிச்சிட்டு யாரு இந்த அறையைக் கேப்பாங்க, வெர்னெல்?"

"நான் கேப்பேன், மிஸ் காலீன். அடுத்த தடவை காசு குடுத்தே கேப்பேன்."

காலீன் தலை நிமிராமல் மீதியை எழுதி முடித்தாள்.