மேரி சேச்சி எழுதிய காரணம்

சென்ற வாரம் மட்டாஞ்சேரியில் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் சுக்கு வாடை அடித்தது. மூட்டை ஒன்றும் அங்கே இல்லை. சுவரில் ஊறியது அத்தனை சீக்கிரம் போகுமா? எழுபதுகளில் அது சுக்குக் கிடங்கு, மாடியில் எங்கள் சர்க்கார் ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மாடியில் ஒரே கக்கூஸ். அது சூப்ரண்டுக்கு, சாவி அவர் மேஜை இழுப்பறையில். ஆண்கள் கிடங்குக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்கள். பெண்கள் இரண்டே பேர், நானும் தோப்பும்படியிலிருந்து வரும் கிளார்க் மேரி சேச்சியும். தெருக்கோடியில் தெரிந்த ஒரு வீடுதான் எங்களுக்குக் கதி. போய்க் கேட்க எனக்குக் கூச்சம். சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தேன், ஏதோ பெரிய சாமர்த்தியம் போல. நீர்க்கடுப்பு வந்தது. வலியில் ஒரே பக்கத்தை நாலு தடவை அடித்தேன். மெமோ கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"மோளே, வெள்ளம் குடிக்காம எத்தனை நாளு இருப்ப?" என்றார் சேச்சி.

அந்தச் சமயம் பார்த்து, சீட்டில் ஆள் இருப்பதில்லை என்று சூப்ரண்டு ஒரு ரிஜிஸ்டர் வைத்தார். வெளியே போனால் போன நேரம், வந்த நேரம், காரணம் எல்லாம் எழுத வேண்டும். ஆண்கள் 'ஆபீஸ் காரியம்' என்று எழுதிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்கள். சேச்சி மட்டும் 'மூத்திரம்' என்று எழுதினார், தினம் இரண்டு தடவை, குண்டு குண்டாக. சூப்ரண்டு எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். படித்திருக்கவே மாட்டார்.

ஆய்வுக்கு எறணாகுளத்திலிருந்து வந்த மேலதிகாரி படித்தார்.

"இதினு இருபத்தஞ்சு மினிட்டோ?"

"தெருக்கோடி வீட்டுக்குப் போகணும் சார், வீட்டுக்காரி குளிச்சு கழியற வரை காத்து நிக்கணும். இவிடத்தெ கக்கூஸ் சாவி நம்ம சாரோட மேஜையில இருக்கு," என்றார் சேச்சி.

எனக்கு உயிரே போயிற்று. சூப்ரண்டு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வெளியே வைத்தார்.

மறுநாள் சாவி சுவர் ஆணியில் தொங்கியது. நான் தண்ணீர் குடித்தேன், வலி போயிற்று, தப்புகள் குறைந்தன, நிரந்தரமும் ஆனேன். மூன்றாம் மாதம் சேச்சிக்கு வயநாட்டுக்கு மாற்றல். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். வழியனுப்பப் போன இடத்தில் நான்தான் அழுதேன்.

"சாவி ஆணியில உண்டல்லோ? அது போதும்," என்றார்.

எனக்குப் போதவில்லை. நானும் ஒருநாளாவது அந்தக் காரணத்தை எழுதியிருக்கலாம்.

இப்போது ஆபீஸும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை, சேச்சியும் இல்லை. மாடியும் காப்பிக் கடைதான்; சூப்ரண்டு உட்கார்ந்த மூலையில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை. கதவில் பூட்டு தொங்கவில்லை. சப்ளையர் வைத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டேன்.