கலியாணக் கார்டில வந்த கோடு

கூட்டாளிமாரே, லண்டன் ஹரோவில ஒரு கலியாணத்தையே காப்பாத்திக்கொண்டுதான் இந்த ஈமெயிலை எழுதுறன்.

பொம்பிளையின்ர தகப்பன் சிவராசா அண்ணை, நான் கம்ப்யூட்டரில தமிழில அடிச்சுக் குடுத்த கலியாணக் கார்டைத் தூக்கி மேசையில போட்டார்.

"என்னடாப்பா, பிள்ளையின்ர பேரைக் குறுக்கால வெட்டி வைச்சிருக்கிறாய்! மாப்பிள்ளை பகுதி அபசகுனம் எண்டு சொல்லப்போகினம். பின்னேரம் அச்சுக்குக் குடுக்கவேணும்."

பாத்தன். வரி முடிவில "மனோரஞ்-", அடுத்த வரியில "சினி". எங்கட எழுத்தையும் இங்கிலீசு எண்டு நினைச்சு, கம்ப்யூட்டர் தன்ர பாட்டுக்குச் சொல்லை முறிச்சுக் கோடு போட்டிருக்கு.

அழிச்சுப் பாத்தன், ஏலாது. அது நான் போட்ட கோடு இல்லையே. விட்டனோ? அந்தப் புரோகிராமைச் செய்தவனே மறந்துபோன மெனுவெல்லாம் திறந்து, சொல்லை முறிச்சுக் கோடு போடுற "ஹைபனேஷன்" எண்டதைப் பிடிச்சு நிப்பாட்டினன். மனோரஞ்சினி முழுசா அடுத்த வரிக்கு வந்து நிண்டா.

அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பாத்தார்.

"ஓம், பேர் வடிவா வந்திட்டுது. ஆனா தம்பி, அவையின்ர பெடியன் மேல் வரியில, என்ர பிள்ளை கீழ் வரியிலயோ?"

கோட்டை நிப்பாட்டிப்போட்டன். பொம்பிளையின்ர தகப்பனை நிப்பாட்டுற மெனு எங்க கிடக்கெண்டு தெரிஞ்ச ஆக்கள், பின்னேரத்துக்கு முன்னம் எழுதுங்கோ.